டிரம்மில் சிங்கம், கடலில் பூனை!

பழைய படகு மோட்டாரின் வேகம் எங்கே போகிறது?

கடற்கரை மணலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். அதில் முக்கால் அளவு தண்ணீர். பக்கத்தில் ஒரு மரச்சட்டம். சட்டத்தில் ஒரு படகு மோட்டாரை மாட்டி, அதன் காலை டிரம்முக்குள் இறக்கியிருந்தார்கள்.

படகுக்காரர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். 'டுர்ர்ர்' என்று உறுமியது மோட்டார். டிரம்மில் இருந்த தண்ணீர் கொதிக்கும் உலைபோல் பொங்கிச் சுழன்றது. சுற்றி நின்ற சிறுவர்கள் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா சார்? இங்கே சிங்கம் மாதிரி கத்துது. கடலுக்குக் கொண்டு போனா இருபதே நிமிஷம்! பூனைக்குட்டி ஆயிடும்" என்றார் படகுக்காரர்.

குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. மோட்டாருக்கு வயது இருபதுக்கு மேல். 9.9 குதிரைச் சக்தி. இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் கிளம்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுவதால் இதற்கு 'அவுட்போர்டு மோட்டார்' என்று பெயர்.

ஒரு மாதமாக அந்தக் குடும்பத்தில் இதே பேச்சுதான். மோட்டார் இளைத்தால் என்ன? மெதுவாக வந்து சேர்ந்தால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். மெதுவாக வரும் வள்ளத்துக்கு ஏலம் காத்திருக்காது. மற்ற வள்ளங்கள் முந்திக்கொண்டு வந்துவிடும். நல்ல விலை அவர்களுக்கு. கடைசியில் வருகிறவருக்கு வியாபாரி சொன்னதே விலை. மீன் அதே மீன்தான். பணம்தான் பாதி.

பணம் மட்டுமா? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலை மறக்காத கரை இது. காற்று எழும்போது கரைக்கு ஓடிவர முடியாத மோட்டாரை நம்பிக் கணவனை எப்படி அனுப்புவது? படகுக்காரரின் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அதை அடகு வைத்துப் புது மோட்டாருக்கு முன்பணம் கட்டுவதாக யோசனை. புது மோட்டார் என்றால் லட்சத்தைத் தாண்டும்.

அதற்குள் செலவும் கொஞ்சம் ஆகியிருந்தது. பிளக்கை இரண்டு தடவை மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். "ரிங்கு தேய்ந்துவிட்டது" என்றார் ஒருவர். ரிங்கையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டார் சிங்கம்போல் உறுமியது! மறுநாள் கடலில் பழைய கதைதான்.

அலறுகிறதா, முனகுகிறதா?

கடைசியாக வந்தார் ஒரு வயதான மெக்கானிக். கையில் ஒரு பிஸ்கட் டின். அதுதான் அவருடைய கருவிப் பெட்டி. அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. மணலில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"மக்கா, வேகம் குறையும்போது மோட்டார் அலறுதா, முனகுதா?"

நமக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

மோட்டார் அலறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் எஞ்சினில் கோளாறு இல்லை. எஞ்சினின் பலம் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீரைத் தள்ளும் விசிறியைத்தான் பார்க்க வேண்டும். அதன் நடுவே ஒரு ரப்பர் இருக்கிறது. கல்லிலோ கட்டையிலோ விசிறி மோதினால் பல்சக்கரம் உடையாமல் இருக்க அந்த ரப்பர் அடியைத் தாங்கிக்கொள்ளும். பழைய மோட்டாரில் ரப்பர் பிடி விட்டுப் போயிருக்கும். உள்ளே தண்டு சுற்றும், விசிறி சுற்றாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு பெயிண்ட் போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கம் வரை ஒரே நேர்கோடாகக் கோடு போடுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது என்று அர்த்தம்.

மோட்டார் முனகினால் கதை வேறு. எஞ்சினுக்கே பலம் இல்லை. அல்லது சுமை அதிகம். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கலாம். படகுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம்.

"முனகத்தான் செய்யுது அண்ணே. கழுத்தைப் பிடிச்ச மாதிரி" என்றார் படகுக்காரர்.

"அப்போ உள்ளேதான் இருக்கு" என்று எழுந்தார் மெக்கானிக்.

டிரம் ஏன் பொய் சொல்கிறது?

மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டியை நோஞ்சான் மாடும் இழுத்துவிடும். இருபது மூட்டை ஏற்றினால்தான் மாட்டின் பலம் தெரியும். டிரம்மில் ஓடும் மோட்டார் வெறும் வண்டி இழுக்கும் மாடு. அங்கே தண்ணீர் விசிறியோடு சேர்ந்து சுழல்கிறது. எதிர்த்து நிற்பதில்லை. படகு, வலை, ஆள் என்ற பாரமும் இல்லை.

எஞ்சினுக்குச் சுமை ஏறினால் மூன்று காரியம் நடக்கிறது. எண்ணெய் அதிகம் வேண்டும். சூடு அதிகமாகிறது. பிளக்கில் பொறி விழுவது கஷ்டமாகிறது. மூன்றில் எது தட்டுப்பட்டாலும் கடலில்தான் தெரியும். டிரம்மில் தெரியாது. பல பேர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

"வாங்க, கடலுக்குப் போவோம். நோயாளி நடக்கும்போதுதானே மூச்சு வாங்குது? நாம படுக்க வச்சு நாடி பாத்துட்டு இருக்கோம்" என்றார் மெக்கானிக்.

கிளம்புமுன் கரையிலேயே இரண்டு சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை வைத்துக் கயிற்றை இழுத்தார். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுக்கமாக அமுங்குகிறது என்று அது காட்டும். மண்ணெண்ணெய் மோட்டாரில் இந்த அளவு பெட்ரோல் மோட்டாரைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கு, கேஸ்கெட் என்று சந்தேகப்படலாம். இங்கே இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் ஒரே அளவு காட்டின. அப்படியானால் ரிங்குக்குச் செலவழித்த பணம்? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்து, மோட்டார் நிற்கும்போதே கைப்பிடியை முழுக்கத் திருகச் சொன்னார். மூடியைத் திறந்து கார்பரேட்டரைப் பார்த்தார். கைப்பிடி முழுக்கத் திரும்பினால் உள்ளே இருக்கும் தகடும் முழுக்கத் திறக்க வேண்டும். பழைய மோட்டாரில் கேபிள் நீண்டுபோய்த் தகடு முக்கால் பங்குதான் திறக்கும். இதற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போன மோட்டார்களும் உண்டாம்! இங்கே தகடு சரியாகவே திறந்தது.

வள்ளத்தில் நாமும்

மாலை நான்கரை மணிக்கு வள்ளம் கிளம்பியது. நாமும் ஏறிக்கொண்டோம். பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பத்து நிமிஷம் அம்புபோல் பறந்தது. பதினைந்து நிமிஷமும் ஆயிற்று. "இன்னைக்குன்னு பாத்து நல்லா ஓடுது பாரேன்!" என்று படகுக்காரர் முணுமுணுத்தார். நோயாளி டாக்டர் வீட்டு வாசலில் குணமாவது எல்லா ஊரிலும் உண்டல்லவா?

இருபதாவது நிமிஷம் சத்தம் மாறியது. யாரோ கழுத்தைப் பிடித்தது போலத்தான் இருந்தது. வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது.

"உருண்டையை அமுக்கு!" என்று கத்தினார் மெக்கானிக்.

டாங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் உருண்டை உண்டு. கையால் அமுக்கினால் எண்ணெய் மோட்டாருக்குப் போகும். மோட்டார் திணறும்போது அதை அமுக்கியதும் வேகம் திரும்பி வந்தால் குறை எண்ணெய் வரும் வழியில்தான். உருண்டை சப்பையாக ஒட்டிக் கிடந்தால் டாங்குப் பக்கம் அடைப்பு. மூடியில் இருக்கும் காற்றுத் துளையைத் திறக்க மறந்தாலும் இப்படி ஆகும். ஒரு திருகைத் திருக மறந்து கார்பரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. உட்புறம் ஊதி உரிந்து வழியை அடைக்கும். வெளியே குழாய் புதிதுபோலவே இருக்கும்! இன்னொன்றும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலோடு கலந்து ஊற்றிய ஆயில் மேலேயே நின்றுவிடும். மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் வைக்காதீர்கள்.

நம் வள்ளத்தில் உருண்டையை அமுக்கியும் பலன் இல்லை. எண்ணெய் தாராளமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் மோட்டாரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் அது. அந்தத் தாரை நின்றாலோ ஆவியாக வந்தாலோ மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கும். அல்லது உப்பு அடைத்திருக்கும். சூட்டில் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரை உரசும். அதனாலும் வேகம் குறையும். பழைய மோட்டார்களில் அபாய மணி கிடையாது. அந்தத் தாரைதான் மணி. இங்கே தாரை நன்றாக வந்தது. விரலை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடுதான்.

"அப்படியே நிறுத்து! மெதுவாக்காதே!" என்றார்.

இது ஒரு நுட்பமான இடம். வேகத்தைக் குறைத்து, மெல்ல ஓட்டி, பிறகு நிறுத்தினால் பிளக்கின் நிறம் மாறிவிடும். திணறும் அந்தக் கணத்திலேயே நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். கழற்றினார். மேல் சிலிண்டர் பிளக் காய்ந்து காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. நல்ல பிளக்! கீழ்ச் சிலிண்டர் பிளக் கறுத்து, எண்ணெயில் நனைந்து சொட்டியது. அதில் நெருப்பே விழவில்லை.

இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டது! வேகம் ஏன் பாதிக்கும் கீழே போயிற்று என்பது இப்போது புரிகிறதா? நிற்கிற மாடு வண்டியோடு படுத்த மாட்டையும் சேர்த்து இழுக்க வேண்டுமே!

பிளக்குகளைத் துடைத்து இடம் மாற்றிப் போட்டார். மேலே இருந்தது கீழே. கீழே இருந்தது மேலே. மறுபடி ஓட்டம். மறுபடி திணறல். மறுபடி கழற்றல். இப்போதும் கீழே இருந்த பிளக்தான் நனைந்திருந்தது. ஆகப் பிளக் நிரபராதி. இந்தக் காரியம் எல்லாம் நடக்கும்போது வள்ளம் அலைக்குக் குறுக்கே விழுந்து ஆடிய ஆட்டத்தில், நாம் மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பு கடலுக்கே திரும்பிவிட்டது.

இருட்டில் தெரிந்த திருடன்

பொழுது சாய்ந்துவிட்டது. "நல்லதுக்குத்தான். இருட்டட்டும்" என்றார் மெக்கானிக்.

மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றி வைத்தார். துண்டையும் சட்டை நுனியையும் இறுக்கிச் செருகிக்கொண்டார். சுற்றும் சக்கரத்தில் துணி சிக்கினால் கை போய்விடும். பெட்ரோல் டாங்கைத் தூரத் தள்ளி மூடி வைத்தார். பிளக் வயரை யாரும் தொடக் கூடாது என்றார். அதில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது.

வள்ளம் முழு வேகத்தில் கிளம்பியது. எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம். திணறல் தொடங்கியது. அப்போதுதான் கண்டோம். கீழ்ப் பிளக்கின் தலையில் மாட்டிய கறுப்பு ரப்பர்த் தொப்பியின் பக்கவாட்டிலிருந்து நீல நிறமாக ஒரு பொறி. மின்மினிபோல் மினுக் மினுக்கென்று எஞ்சின் இரும்பின் மேல் பாய்ந்தது!

"அதோ, திருடன்!" என்றார் மெக்கானிக்.

நடந்தது இதுதான். அந்த ரப்பர்த் தொப்பியில் மயிரிழை அளவு விரிசல். அதில் உப்பு ஏறியிருக்கிறது. மெல்ல ஓடும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு. பிளக் நுனியில் பொறி சுலபமாகத் தாண்டும். கைப்பிடியை முழுக்கத் திருகிச் சுமையும் ஏறினால் உள்ளே காற்றும் எண்ணெயும் இறுகிப்போகும். அதைத் தாண்ட மின்சாரம் கஷ்டப்படும். சூட்டில் விரிசலும் வாய் பிளந்திருக்கும். மின்சாரம் மனிதனைப் போலத்தான். சுலபமான குறுக்கு வழி கிடைத்தால் அதில் போய்விடும். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி வெளியே இரும்பில் பாய்ந்துவிட்டது. டிரம்மில் சுமையும் இல்லை, அந்தச் சூடும் இல்லை. திருடன் வெளியே வரவில்லை.

தொப்பியைக் கழற்றினார்கள். உள்ளே வயர் நுனியில் பச்சைக் களிம்பு. வயரை அரை அங்குலம் வெட்டி எறிந்தார். பிஸ்கட் டின்னில் கிடந்த பழைய தொப்பி ஒன்றைத் திருகி மாட்டினார். கரை வரை வள்ளம் ஒரே ஓட்டமாக ஓடியது. மறுநாள் நாகர்கோவிலில் இரண்டு புதுத் தொப்பிகள் வாங்கினார்கள். முந்நூறு ரூபாய்க்குள்தான்.

ஐஸ்கிரீமில் பிறந்த மோட்டார்?

இந்த மோட்டாரின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறோம். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். ஒரு கோடை நாளில் ஏரிக்கரையில் இருந்தபோது அவருடைய காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். ஓலே படகைத் துடுப்பால் வலித்துப் போய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில்தான் படகில் மாட்டும் மோட்டாரைப் பற்றி யோசித்தார் என்று ஒரு கதை. ஐஸ்கிரீம் எவ்வளவு உருகியது என்பதற்குச் சாட்சி இல்லை! ஆனால் 1909-ல் மில்வாக்கி நகரில் அவர் மோட்டார் விற்கத் தொடங்கியது உண்மை. பெஸ் அவருக்கு மனைவியாகி, வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டார்.

ஜப்பானில் யமஹா கம்பெனி 1960-லும், சுசுகி 1965-லும் இந்த மோட்டாரில் இறங்கின. எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020-ல் நின்றுபோயிற்று. ஆனாலும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் ஆசியக் கரைகளில் இன்னும் உழைக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத மோட்டார் அது. பிஸ்கட் டின்னோடு வரும் ஒருவர் அதைப் பார்த்துவிடலாம்.

நம் வள்ளத்துக்காரர் இரண்டு நாள் கழித்து ஏலத்துக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தார். சங்கிலி மறுபடி கழுத்துக்குப் போயிற்று. "இத்தனூண்டு ரப்பருக்காண்ணே ஒரு மாசம் பாடுபட்டோம்?" என்று படகுக்காரரின் மனைவி அந்தப் பழைய தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மெக்கானிக் அதைக் காதில் வாங்கவில்லை. மோட்டாரின் அடிப்பகுதியில் ஒரு திருகைத் தளர்த்தி, கியர் ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பால்போல் வெளுத்திருந்தது.

"தூண்டில் நரம்பு எங்கேயோ சுத்தியிருக்கு மக்கா. சீலை அறுத்துத் தண்ணி உள்ளே போகுது. ஞாயித்துக்கிழமை விசிறியைக் கழட்டி வை, வாறேன்" என்று சொல்லி, டின்னை மூடிக்கொண்டு கிளம்பினார்.